மூக்கில் பிறந்து மூளைக்குச் செல்லும் அணுக்கள்



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் போத்தலில் கப்பி மீன் கொண்டுவந்து, "ஐயா, மீனுக்கு மூக்கு உண்டா?" என்று வினவினான். உண்டு என்றேன். அம்மூக்குக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருப்பதை அவனுக்குச் சொல்ல இயலவில்லை, பாடவேளை முடிந்துவிட்டது. இங்கே எழுதுகிறேன்.

1856இல் எசுப்பானிய உடற்கூற்று அறிஞர் மாயெசுத்ரே தெ சான் குவான் ஓர் ஆணின் சடலத்தை ஆராய்ந்தார். மூளையில் மோப்பப் பகுதி இல்லை. இனப்பெருக்க உறுப்புகளும் வளர்ச்சியுறவில்லை. 1944இல் பிரான்சு கால்மன் இக்குறை சில குடும்பங்களில் வழிவழியாக வருவதைக் காட்டினார். மணம் அறியாதவர்கள் ஏன் பருவமும் எய்துவதில்லை? விடை கிடைக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் 1971இல் பத்து அமினோ அமிலங்களாலான ஓர் இயக்குநீரின் அமைப்பு வெளியாயிற்று. மூளையடியிலிருந்து சுரந்து, பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டி, இனப்பெருக்கத்தைத் தொடக்கி வைப்பது அதுவே. அதைப் பிரித்தெடுக்க சாலி குழுவினருக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைத்துண்டுகள் தேவைப்பட்டனவாம்! அவரும் கில்லெமினும் 1977இல் நோபெல் பரிசு பெற்றனர்.

1989இல் சுவான்செல்-ஃபுகூடா, ஃபாஃப் ஆகியோரும், தனியாகச் சூசன் ரே குழுவினரும் சுண்டெலிக் கருவில் ஒரு வியப்பைக் கண்டனர். இவ்வியக்குநீரைச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளையில் பிறப்பதில்லை; மூக்காக உருவாகும் பகுதியில் தோன்றி, மோப்ப நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் நகர்கின்றன. அதே ஆண்டில், கால்மன் குறையுடைய 19 வார மனிதக் கரு ஒன்றில் அவ்வணுக்கள் மூளையை எட்டாமல் வழியிலேயே நின்றிருந்தது தெரிந்தது. நூற்றாண்டு கடந்த புதிர் அவிழ்ந்தது.

எலிக்கருவைத் தாயின் வயிற்றுக்குள் பார்க்க முடியாது; மீன்கருவோ கண்ணாடி போன்றது. எனவே ஆய்வாளர் மீன்களை நாடினர். கங்கைக் கரைநாட்டைச் சேர்ந்த வரிக்குதிரை மீனிலும் சப்பானின் மெடாக்காவிலும், இந்நரம்பணுக்கள் பச்சை ஒளி வீசுமாறு மரபணுவை மாற்றி, உயிருள்ள கருவிலேயே அவற்றின் நடையைக் கண்ணால் கண்டனர். மெடாக்காவில் கால்மன் மரபணுவை முடக்கியபோது அப்பயணம் தடுமாறியதை 2006இல் ஒக்குபோ குழுவினர் காட்டினர்.

ஆனால் மீன் அவ்வளவு எளிதில் பணிந்துவிடவில்லை. சில அணுக்கள் மூக்குப் பகுதியிலன்றி வேறிடத்தில் தோன்றுகின்றன என்று 2003இல் கேத்லீன் விட்லாக் குழுவினர் வாதிட்டனர். 2010இல் மேரிலாந்தின் சோகார் குழுவினர் இளம் வரிக்குதிரை மீனில் இவ்வணுக்களை லேசரால் அழித்தபோது, பெண்மீன்களின் முட்டை வளர்ச்சி நின்றது. 2016இலோ, அவ்வியக்குநீரின் மரபணுவையே நீக்கிய மீன்கள் வழக்கம்போல் குஞ்சு ஈன்றன! அணு இல்லாவிட்டால் குறை. மரபணு மட்டும் இல்லாவிட்டால் குறையில்லை. வேறேதோ ஒன்று ஈடுசெய்கிறது என்பதே பொதுக்கருத்து. எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நம் நாட்டிலும் இவ்வாய்வு உண்டு. மொனாஷ் மலேசியாவில் பணியாற்றிய ஈசுவர் பர்ஹார், திலாப்பியா மீனில் இவ்வகை நரம்பணுக்கள் மூன்று என்றும், அவற்றின் தோற்றிடங்களும் மூன்று என்றும் எழுதியவர். ஆம், நாம் சந்தையில் வாங்கிப் பொரித்து உண்ணும் அதே திலாப்பியாதான்.