கோடைக்கால ஏரிகளில் வெள்ளைப் பெர்ச்

வெள்ளைப் பெர்ச் வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்து மீன். மொரோனே அமெரிக்கானா என்பது அதன் அறிவியல் பெயர். 1789இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் க்மெலின் அதை முதன்முதலாக விவரித்தார். வரிப் பாஸ், வெள்ளைப் பாஸ் ஆகியவை அதன் நெருங்கிய உறவுகள். கனடாவின் நோவா ஸ்கோஷியா தொடங்கித் தெற்கு கரோலினா வரையுள்ள கழிமுகங்களின் உவர்நீரே அதன் பூர்விகம். செசபீக் விரிகுடாவிலும் ஹட்சன் ஆற்றிலும் இன்றும் ஏராளமாக உண்டு. ஆனாலும் கடலுக்கே போகாமல் நன்னீர் ஏரியில் பிறந்து, வளர்ந்து, மடியும் கூட்டங்கள் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் நெடுங்காலமாக இருக்கின்றன. கோடையில் தூண்டில்காரர்கள் தேடி அலைவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

உடல் வெள்ளி நிறம், முதுகு சாம்பல் கலந்த பச்சை. முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் உடல் மிக அகன்றிருக்கும். வளர்ந்த மீனின் விலாவில் கோடுகள் இருக்காது. வெள்ளைப் பாஸிலிருந்து இதைப் பிரித்தறிய இந்த ஓர் அடையாளமே பெரும்பாலும் போதும். சாதாரணமாக 18 முதல் 25 செ.மீ. வரை வளரும்.

வசந்தத்தில் இம்மீனைக் கண்டுபிடிப்பது எளிது. நீரின் வெப்பம் 11 முதல் 16 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது முட்டையிடுவதற்காக ஆழமற்ற கரைகளுக்கும் ஓடைவாய்களுக்கும் திரண்டு வரும். முட்டையிட்டு முடிந்ததும் கரையைவிட்டு நடு ஏரிக்குப் போய்விடும். அதன்பின் இலையுதிர்காலம் வரை அதற்கு நிலையான இருப்பிடம் கிடையாது. இரையைத் தொடர்ந்து ஏரி முழுவதும் திரியும் நாடோடி மீன் அது. நேற்று வாளி நிறைந்த இடத்தில் இன்று ஒன்றுகூடக் கடிக்காது. ஆகவே கோடையில் இடத்தைத் தேடுவதைவிட ஆழத்தைத் தேடுவதே சரியான வழி. எந்த ஆழத்தில் மீன் நிற்கும் என்பதை ஏரியின் நீரடுக்குகள் சொல்லிவிடும்.

குளிர்நாட்டின் ஆழமான ஏரிகள் கோடையில் மூன்று அடுக்காகப் பிரிகின்றன. வெயிலில் சூடான நீர் எடை குறைந்து மேலே நிற்கும். குளிர்ந்த கனமான நீர் அடியில் தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒரு டிகிரியோ அதற்கு மேலோ வெப்பம் விழும் மெல்லிய பகுதி ஒன்று உண்டு. அதை வெப்பச்சரிவு அடுக்கு என்பர். மேல் நீரும் அடி நீரும் கலக்காதபடி தடுப்பது அதுதான். சால்மன், ஏரி டிரவுட் போன்ற குளிர்நீர் மீன்கள் அந்தச் சரிவிலும் அதற்குக் கீழேயும் ஒதுங்கும். வெள்ளைப் பெர்ச்சுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது வெதுவெதுப்பான நீரையும் தாங்கும் என்பதால், சரிவு அடுக்கை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ கூட்டமாக நிற்கும்.

சத்து மிகுந்து பாசி பெருகிய ஏரிகளில் இன்னொரு வரம்பும் சேர்கிறது. செத்து விழும் பாசியும் குப்பையும் அடியில் மக்கும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். காற்று படாத அடிநீருக்கு இலையுதிர்காலம் வரை புது ஆக்சிஜன் வராது. ஈரி ஏரியின் நடுப்பகுதியில் கோடையின் பின்பாதியில் ஆண்டுதோறும் நடப்பது இதுவே. இப்படிப்பட்ட ஏரிகளில் சரிவு அடுக்குக்குக் கீழே தூண்டிலை இறக்குவது வீண்.

நியூ ஹாம்ப்ஷயரின் வின்னிபசாக்கி ஏரி, சுமார் 180 சதுர கி.மீ. பரப்பும் தெளிந்த நீரும் கொண்டது. கோடைகால வெள்ளைப் பெர்ச்சுக்குப் பேர்பெற்றது. பகலில் அங்கே கூட்டங்களைப் பெரும்பாலும் 6 முதல் 12 மீட்டர் ஆழத்தில் எதிர்பார்க்கலாம். நீருக்கடியிலுள்ள மேடுகள், ஆழத்தை நோக்கிச் சரியும் முனைகள், குடாக்களின் வாய்கள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மேட்டின் சரிவு வெப்பச்சரிவு அடுக்கைத் தொடும் ஆழம் தனிக் கவனத்துக்கு உரியது. சேற்றுப் புழுவும் மிதக்கும் இரையும் ஒருசேரக் கிடைப்பதால் கூட்டம் அங்கே சற்று அதிக நேரம் தங்கும்.

சோனார் கருவி இருந்தால் சரிவு அடுக்கு திரையில் மங்கலான பட்டையாகவும், குஞ்சுமீன் திரள் மேகம் போலவும் தெரியும். கருவி இல்லாதவர் கயிற்றில் வெப்பமானியைக் கட்டி மீட்டர் மீட்டராக இறக்கிப் பார்த்தாலே போதும். சட்டென்று வெப்பம் விழும் ஆழம் பிடிபட்டுவிடும். ஆனால் அந்த ஆழம் நாளுக்கு நாள் மாறக்கூடியது. ஒரே திசையில் பலத்த காற்று நீடித்தால், சூடான மேல் நீர் காற்று போய்ச் சேரும் கரையில் குவிந்து அங்கே சரிவு அடுக்கை அமுக்கும். எதிர்க்கரையில் அது மேலெழும். காற்றடித்த மறுநாள் பழைய ஆழத்தையே நம்பிப் போவோர் ஏமாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அந்திப்பொழுதில் நிலைமை வேறு. பகலில் இருட்டில் பதுங்கியிருந்த டாஃப்னியா முதலிய விலங்கு மிதவைகள் வெளிச்சம் குறைந்ததும் மேலே ஏறும். குஞ்சு மீன்கள் அவற்றைத் தொடரும். பெர்ச் இரண்டையும் தொடரும். காற்றில்லாத மாலையில் நீர்ப்பரப்பில் மழைத்துளி விழுந்ததுபோலச் சிறு வளையங்கள் பரவினால், அது பெரும்பாலும் மேலே வந்து இரை எடுக்கும் கூட்டம். கோடையில் கருவியே இல்லாமல் இம்மீனைக் கண்டுகொள்ளக் கிடைக்கும் சிறந்த வாய்ப்பு இந்த நேரம்தான். விடியற்காலையிலும் சற்று நேரம் இது நிகழும். வெயில் ஏறினால் கூட்டம் இறங்கிவிடும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய நரம்பு, சிறிய உலோகக் கரண்டி அல்லது எடைத்தலை முள், நுனியில் மண்புழுத் துண்டு, இவை போதும். படகைக் காற்றோடு மிதக்கவிட்டு, முதல் மீன் கடித்ததும் மிதவை ஒன்றைப் போட்டு இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் மீன்கள் அநேகமாக ஒரே அளவில் இருக்கும். சின்னதாகவே வந்துகொண்டிருந்தால் அங்கேயே காத்திருப்பதைவிட வேறு கூட்டத்தைத் தேடுவது மேல்.

ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை ஊதிவிடும். அதிலுள்ள காற்றை உடனே வெளியேற்ற இம்மீனால் இயலாது. தண்ணீரில் திரும்ப விட்டாலும் பல மீன்கள் பிழைப்பதில்லை. எனவே 10 மீட்டருக்குக் கீழே பிடிப்பவர், சமையலுக்குத் தேவையானதைப் பிடித்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். சதை வெண்மையானது, சுவையானது. ஆனால் அப்பகுதி ஏரி மீன்களில் பாதரசம் இருப்பதால், எவ்வளவு உண்ணலாம் என்று மாநில அரசுகள் தரும் அறிவுரையைப் பின்பற்ற வேண்டும்.

பூர்விக எல்லைக்கு வெளியே இதே மீன் தொல்லையாகிவிட்டது. கால்வாய்கள் வழியாக ஒன்டாரியோ ஏரிக்குள் புகுந்து, 1950களில் ஈரி ஏரியை எட்டியது. 1980களில் சுப்பீரியர், மிச்சிகன் ஏரிகளிலும் காணப்பட்டது. வால்ஐ, வெள்ளைப் பாஸ் மீன்களின் முட்டைகளைத் தின்கிறது. வெள்ளைப் பாஸோடு கலந்து கலப்பினமும் தருகிறது. சிறிய ஏரிகளில் அளவுக்கு மீறிப் பெருகி, இரை போதாமல் குள்ளமாகவே நின்றுவிடுகிறது. உயிருள்ள வெள்ளைப் பெர்ச்சை ஓர் ஏரியிலிருந்து எடுத்து இன்னோர் ஏரியில் எக்காரணத்தைக் கொண்டும் விடக் கூடாது.