செவ்வாயின் விண்கல் பள்ளங்கள்

விண்கற்களும் சிறுகோள்களும் வால்மீன்களும் மோதியதால் செவ்வாய்க் கோளில் உண்டான வட்ட வடிவப் பள்ளங்கள். ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ளவை மட்டும் 3,84,343 என்கிறது 2012இல் ஸ்டூவர்ட் ராபின்ஸும் பிரையன் ஹைனெக்கும் வெளியிட்ட பட்டியல். சுற்றுக்கலன்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து எண்ணிய கணக்கு இது. தென்பாதியின் பழைய மேட்டுநிலத்தில் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கின்றன. வடபாதியின் சமவெளிகளில் அருகியே காணப்படுகின்றன. பெரியவற்றுள் ஒன்றான ஹெல்லஸ் ஏறத்தாழ 2,300 கி.மீ. அகலம் கொண்டது.

இவை முதன்முதலாகத் தெரியவந்தது 1965 ஜூலையில். அமெரிக்காவின் மேரினர் 4 செவ்வாயைக் கடந்து போகிற போக்கில் 22 படங்களை எடுத்தது. கால்வாய்களும் பயிர்பச்சையும் இருக்கலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு நிலவைப் போன்ற குழிகள்தாம் காணக் கிடைத்தன. செவ்வாய் செத்துப்போன கோள் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். அது அவசர முடிவு. அந்தப் படங்கள் காட்டியது மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கை மட்டுமே; அதுவும் பெரும்பாலும் பள்ளங்கள் மிகுந்த பழைய நிலம். 1971 நவம்பரில் மேரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. வேறொரு கோளைச் சுற்றிய முதல் விண்கலம் அதுவே. போய்ச் சேர்ந்தபோது கோள் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்தது. புழுதி அடங்கிய பிறகு எரிமலைகளும் பெரும் பள்ளத்தாக்குகளும் வறண்ட ஆற்றுத்தடங்களும் வெளிப்பட்டன.

சிறிய பள்ளம் வெறும் கிண்ணம்போல் இருக்கும். விட்டம் ஆறேழு கிலோமீட்டரைத் தாண்டும்போது சுவர் சரிந்து படிகளாகிறது, நடுவே ஒரு குன்று எழும்புகிறது. 1976இல் போய்ச் சேர்ந்த வைக்கிங் சுற்றுக்கலன்கள் நிலவில் காணாத ஒரு வகையைக் காட்டின. யூட்டி என்ற பள்ளம் அதற்கு நல்ல சான்று: மோதலில் வெளியே வந்த மண், சேற்றில் கல் விழுந்தாற்போல், மடல் மடலாக வழிந்து ஓரத்தில் வரம்பு கட்டி நிற்கிறது. நிலத்தடியில் உறைந்திருந்த நீர் மோதலின் வெப்பத்தில் உருகி மண்ணோடு கலந்ததே காரணம் என்பது பரவலான விளக்கம். வடதுருவத்தை ஒட்டியுள்ள கொரலேவ் பள்ளம் 82 கி.மீ. அகலமானது, அதில் சுமார் 1.8 கி.மீ. கனத்துக்கு நீர்ப்பனி ஆண்டு முழுவதும் கிடக்கிறது. பனியின் மேலுள்ள காற்று குளிர்ந்து பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடுவதால் வெப்பம் எளிதில் உள்ளே புகுவதில்லை. இந்தப் பள்ளத்தை விரிவாகப் படம்பிடித்தது ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ்.

இந்தப் படங்களைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை மனத்தில் வைக்காவிட்டால் பள்ளம் மேடாகத் தெரியும். ஒருமுறை மேடாகத் தெரிந்துவிட்டால் கண்ணைத் திருத்துவது பெரும்பாடு.

தனிப் படத்தைவிட, ஒரே இடத்தை வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு படங்களே அதிகம் சொல்கின்றன. மார்ஸ் குளோபல் சர்வேயர் சுற்றுக்கலனின் கேமராவை நடத்திய மைக்கேல் மாலின் குழு, 1999 மே முதல் 2006 மார்ச் வரை புதிதாக உண்டான 20 பள்ளங்களை 2006 டிசம்பரில் அறிவித்தது. அதன்பின் இந்த வேலை மார்ஸ் ரீகானசன்ஸ் ஆர்பிட்டரின் கைக்கு வந்தது. அதன் அகலப்படக் கேமராவில் படத்தின் ஒரு புள்ளி என்பது ஆறு மீட்டர் நிலம். சின்னக் குழி அதில் தெரியாது. ஆனால் மோதலின் அதிர்ச்சி மேற்புழுதியை விரட்டிவிடுவதால் சுற்றிலும் கருந்திட்டு ஒன்று விழுந்திருக்கும். முந்தைய படத்தில் இல்லாத திட்டு தென்பட்டால், 30 செ.மீ. அளவுவரை பிரித்துக் காட்டும் ஹைரைஸ் கேமராவை அங்கே திருப்புகிறார்கள்.

2008இல் இப்படிச் சிக்கிய சில குழிகளின் அடியில் வெள்ளையாக ஏதோ பளிச்சிட்டது. அடுத்தடுத்த மாதங்களில் அது மங்கிப்போனது. ஏறத்தாழத் தூய நீர்ப்பனி; காற்றுப்பட்டதும் ஆவியாகிக்கொண்டிருந்தது. 1976இல் வடபாதியில் இறங்கிய வைக்கிங் 2 இன்னும் நாலு அங்குலம் தோண்டியிருந்தால் பனியைத் தொட்டிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

2021 டிசம்பர் 24 நிகழ்வு இன்னும் வியப்பானது. இன்சைட் தரைக்கலனின் நில அதிர்வுமானி 4 என்ற அளவை ஒட்டிய அதிர்வு ஒன்றைப் பதிவு செய்தது. காரணம் அப்போது விளங்கவில்லை. சில வாரங்கள் கழித்து, தரைக்கலனிலிருந்து ஏறத்தாழ 3,500 கி.மீ. தள்ளி, அமேசானிஸ் சமவெளியில் 150 மீட்டர் அகலமும் 21 மீட்டர் ஆழமும் கொண்ட புதுப் பள்ளம் படத்தில் அகப்பட்டது. வானிலைக்காக அன்றாடம் படமெடுக்கும் கேமராவின் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, திட்டு தோன்றிய நாளும் அதிர்வின் நாளும் பொருந்தின. விழுந்த கல் 5 முதல் 12 மீட்டர்வரை இருந்திருக்கும். சுற்றிலும் பாறை அளவுக்குப் பனிக்கட்டிகள் சிதறிக் கிடந்தன.

பள்ளங்களை எண்ணி நிலத்தின் வயதைக் கணிப்பது பழைய முறை: பள்ளம் மிகுந்தால் நிலம் பழையது. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலவுப் பாறைகளின் வயதே இதற்கு அளவுகோல். இந்தக் கணக்கைக் குழப்பியது 10 கி.மீ. அகலமுள்ள சூனில் என்ற பள்ளம். அது உண்டானபோது தெறித்த பாறைகள் விழுந்து கோடிக்கணக்கில் சிறுகுழிகள் உண்டாகியிருக்கலாம் என்று ஆல்ஃபிரட் மெக்கியூவன் குழு 2005இல் காட்டியது. ஆகவே சிறுகுழிகளை மட்டும் நம்பி வயது சொல்வதில் எச்சரிக்கை தேவை.

பெரிய பள்ளங்களுக்கு மறைந்த அறிவியலாளர், எழுத்தாளர் பெயரும் சிறியவற்றுக்கு உலகின் சிற்றூர்ப் பெயரும் சூட்டுவது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் வழக்கம். இயற்பியலாளர் தேவேந்திர லால் பெயரில் 65 கி.மீ. பள்ளம் ஒன்று 2024இல் ஏற்கப்பட்டது; அதன் விளிம்பிலுள்ள இரு சிறு பள்ளங்கள் உத்தரப் பிரதேசத்து முர்சான், பீகாரின் ஹில்சா. மகாராஷ்டிரத்தின் லோனார் பெயருக்கும் செவ்வாயில் இடமுண்டு. அது பொருத்தமான தேர்வு: பசால்ட் கருங்கல்லில் விண்கல் குடைந்த லோனார் ஏரியைச் செவ்வாய்ப் பள்ளங்களுக்கு இணையாக வைத்து ஆராய்கிறார்கள். இந்தியாவின் மங்கள்யான் 2014 செப்டம்பரில் அனுப்பிய முதல் படமும் 7,300 கி.மீ. உயரத்திலிருந்து எடுத்த பள்ளங்களின் படமே.

செவ்வாயின் தீர்க்கரேகைக்கும் தொடக்கப்புள்ளி ஒரு பள்ளம்தான். மேரினர் 9 படங்களிலிருந்து அரை கிலோமீட்டர் அகலமுள்ள ஏய்ரி-0 தேர்ந்தெடுக்கப்பட்டது. துல்லியத்துக்காக இப்போது வைக்கிங் 1 தரைக்கலன் நிற்கும் இடத்தைக்கொண்டு கணக்கிடுகிறார்கள். சுழியக்கோடு பழையபடி ஏய்ரி-0 வழியாகப் போகும்படியே அந்த இடத்தின் தீர்க்கரேகை எண்ணை வகுத்திருக்கிறார்கள்.