நந்தன் கதையும் நான்கு குரல்களும்

இலக்கியத்தின் பொருள் சொற்களில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அச்சொற்கள் ஒலிக்கும் தொனியிலும் தங்கியிருக்கின்றது. 'வா' என்னும் ஒரு சொல்லே அழைப்பாகவும் அறைகூவலாகவும் ஏளனமாகவும் ஒலிக்கக் கூடும். பேச்சிலே குரல் உணர்த்தும் இவ்வேறுபாட்டை எழுத்திலே உணர்த்துவதற்கு எழுத்தாளன் வேறு வழிகளை நாடுகின்றான். யாரைப் பேசவைப்பது, யாரை நோக்கிப் பேசவைப்பது, எந்த யாப்பில், எந்த மெட்டில், எந்த மொழிநடையில் பேசவைப்பது என்பனவெல்லாம் அவன் கைக்கருவிகள். ஆயினும், நமது தமிழ்ப் பாடவேளைகளிலே கதைச் சுருக்கமும் அணியின் பெயரும் கேட்கப்படும் அளவிற்கு, 'இது எவர் குரலில் ஒலிக்கிறது?' என்னும் வினா கேட்கப்படுவதில்லை. அவ்வினாவைக் கேளாதவிடத்து எவ்வளவு பொருளை இழந்துவிடுகிறோம் என்பதற்குத் தமிழிலே நந்தன் கதையைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது. கதை ஒன்றே, சொன்னவர் பலர், தொனி மாறியபோதெல்லாம் பொருளும் மாறியது.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையிலே பெயரளவிற் சுட்டிய திருநாளைப்போவாரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடினார். ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் வருணிக்கும் திறம் குறிப்பிடத்தக்கது. கூரைக் குடிசைகளையும், கோழியும் நாய்க்குட்டியும் திரியும் முற்றங்களையும், உலரும் தோலையும் அவர் அருவருப்பின்றிப் பாடுகின்றார். சோழப் பேரரசின் அமைச்சராயிருந்த ஒருவரின் காவியத்திலே சேரி இடம்பெற்றமை சிறிய செய்தியன்று. கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்த நந்தனார் தில்லைக்குப் போக விரும்புகிறார். பிறப்பை எண்ணித் தயங்குகிறார். 'நாளைப் போவேன்' என்கிறார்.

சேக்கிழாரின் தொனி பணிவும் கனிவும் கலந்தது. அத்தொனியிலே 'நாளை' என்பது அடியவரின் அடக்கமாகவே ஒலிக்கின்றது. அவரைத் தடுக்கும் மனிதன் எவனும் காப்பியத்தில் இல்லை. சேரி நிலத்தின் உரிமையில் அவர் வாழ்கின்றார். ஆண்டை என்று ஒருவர் குறுக்கிடவில்லை. தீயில் மூழ்கி முப்புரிநூலுடன் முனிவராய் எழும்போதுங்கூட, தீ ஏன் தேவைப்பட்டது என்னும் வினா எழாதவாறு பக்தியின் இனிமை அவ்விடத்தை நிறைத்துவிடுகின்றது. தடை இருக்கின்றது, தடுப்பவன் இல்லை. இது கதையின் தன்மை மாத்திரமன்று, தொனியின் விளைவுமாகும்.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளின் பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மாயூரத்தை அடுத்த ஆனைதாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். இடைப்பட்ட காலத்திலே தஞ்சை நிலத்தில் மிராசும் பண்ணையடிமையும் வேரூன்றியிருந்தன. தாம் கண்ட உலகத்தைப் பாரதியார் கதைக்குள் கொணர்ந்தார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலவுடைமையாளர் இங்கே தோன்றுகிறார். தில்லைக்குப் போகுமுன் நாற்பது வேலி நிலத்து வேளாண்மையை முடிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றார். இங்கே 'நாளை' என்பது அடக்கத்தின் சொல்லன்று. விடுப்புப் பெறாத கூலியாளின் சொல்.

இம்மாற்றம் கதைநிகழ்ச்சியால் மாத்திரம் விளைந்ததன்று. புலவரின் ஒரே செம்மாந்த குரலுக்குப் பதிலாக, கீர்த்தனையிலே பல குரல்கள் ஒன்றையொன்று எதிர்த்து ஒலிக்கின்றன. வேதியர் அதட்டுகின்றார், ஏளனம் செய்கின்றார், சேரிப் பெரியவர்கள் அஞ்சித் தடுக்கின்றனர், நந்தன் கெஞ்சுகின்றான். ஒவ்வொரு குரலுக்கும் ஏற்ற மெட்டும் பேச்சுவழக்கும் உண்டு. இலக்கண வழு மலிந்தது என்று கருதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வழங்கத் தயங்கினார் என்பதும், பாரதியார் உருகிப் பாடியதைக் கேட்ட பின்னரே இசைந்தார் என்பதும் இலக்கிய வரலாற்றிற் பதிவான செய்திகள். புலமை வழுவென்று கண்ட இடத்திலேதான் பொருள் இருந்தது. பண்ணையாள் பண்டிதத் தமிழிலே கெஞ்சியிருந்தால் அது கெஞ்சலாக ஒலித்திராது. எனினும், வயலைப் பூதகணங்கள் ஓரிரவில் விளைவித்துவிடுவதால் வேதியரின் மனமும் மாறிவிடுகின்றது. முரண்பாட்டைக் கேட்கச் செய்த கீர்த்தனை, அற்புதத்தாலே அதனைத் தணித்தும் விடுகின்றது.

கதாகாலட்சேபங்களின் வாயிலாக இம்மெட்டுக்கள் தமிழ்நாடெங்கும் பரவின. கேட்டோருட் பலர் உயர்சாதியினர். நந்தன் படும் துயர் கேட்டுக் கண்ணீர் சொரிந்தவர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் சுப்பிரமணிய பாரதி சுதேசிய இயக்க காலத்திலே தமது ஆயுதமாக்கினார். சுயராச்சியம் விரும்பும் இந்தியனை நோக்கி ஆங்கிலேய உத்தியோகத்தன் பேசுவதாக அவர் ஒரு பாட்டை அமைத்தார். அதற்கு அவர் தேர்ந்த மெட்டு, திருவாதிரைத் தரிசனம் விரும்பிய நந்தனை வேதியர் ஏளனம் செய்யும் பாட்டின் மெட்டேயாகும். இதனைப் பாட்டின் தலைப்பிலேயே குறித்தும் வைத்தார்.

இதன் விளைவை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். சொற்களை மாத்திரம் படிப்பவனுக்கு இது வெள்ளையனின் ஆணவத்தைக் காட்டும் ஒரு தேசியப் பாட்டு. மெட்டை அறிந்தவனுக்கோ இரண்டு குரல்கள் ஒருங்கே கேட்கின்றன. வெள்ளை அதிகாரியின் தொண்டையிலிருந்து ஆதனூர் வேதியரின் குரல் எழுகின்றது. நேற்றுவரை நந்தனுக்காக அழுத மேற்சாதி இரசிகன், இன்று நந்தன் நின்ற இடத்தில் தானே நிற்பதைக் காண்கின்றான். சேரியை நோக்கித் தன் குலத்தவர் வீசிய ஏளனம் கடல் கடந்து வந்தவனால் தன்மீது வீசப்படுகின்றது. ஏகாதிபத்தியமும் சாதியும் ஒரே தொனியிற் பேசுவன என்பதைப் பாரதி அப்பாட்டில் ஓரிடத்திலும் வெளிப்படையாகக் கூறவில்லை; மெட்டு கூறுகின்றது.

மற்றொரு பாட்டிலே புதிய கட்சியினரை நோக்கி நிதானக் கட்சியார் பேசுகின்றனர். அதன் மெட்டு நந்தனைச் சேரியார் தடுக்கும் பாட்டின் மெட்டு. 1907 ஆம் ஆண்டு சூரத்திலே காங்கிரசு பிளவுண்ட காலத்து அரசியலை அறிந்தோர் அக்குத்தலை உடனே உணர்ந்திருப்பர். கற்றறிந்த கனவான்களின் 'நிதானம்', அடிமைத்தனத்திற்குப் பழகியவரின் அச்சமே என்று வாதாடுவதற்குப் பத்துப் பக்கக் கட்டுரை தேவைப்பட்டிருக்கும். ஒரு மெட்டு அதனைச் செய்து முடித்தது.

1934 ஆம் ஆண்டு காந்தியடிகள் அரிசன யாத்திரையாகத் தமிழ்நாட்டிற்கு வந்தார். அவ்வாண்டிலேயே புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' வெளிவந்தது. பாட்டின் இடத்திலே இப்போது உரைநடை. உருக்கத்தின் இடத்திலே வறண்ட எள்ளல். ஆதனூருக்கு இரயில் வந்துவிட்டது. சேரி சேரியாகவே இருக்கின்றது. சேரிக் கிழவன் கருப்பன், மதம் மாறிக் கல்வி கற்றுத் தோழர் நரசிங்கமாகிய அவன் மகன், வேதியர் மரபில் வந்த காந்தியவாதி இளைஞன் ஆகிய மூவரும் இறுதியில் இரயிலடியிற் சிக்கி மாள்கின்றனர். அவர்களுள் நந்தன் எவன் என்று வினவிக் கதை முடிகின்றது. புராணத்தை நினைவூட்டிக்கொண்டே அற்புதத்தை மறுப்பதே இக்கதையின் தொனி. தீயிலிருந்து முனிவர் எழுந்தார். தண்டவாளத்திலிருந்து எவரும் எழவில்லை. சீர்திருத்தக்காரனையும் புரட்சிக்காரனையும் ஒரே புன்னகையோடு நோக்கும் அவ்வெள்ளல் நமக்கு முற்றும் உவப்பானதன்று. எனினும், ஆறுதல் அளிக்க மறுத்த அந்நேர்மையை நாம் மதித்தல் வேண்டும்.

ஒரு படைப்பின் தொனி அதனைக் கேட்பவர் வாழும் வரலாற்றாலும் மாறுகின்றது. 1968 ஆம் ஆண்டு திசெம்பர் 25 ஆம் நாள், நந்தன் கதை நிகழ்ந்த அதே காவிரிச் சமவெளியில், கீழ்வெண்மணியிலே கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். அதன்பின் நந்தனின் தீயைப் பற்றிப் பேசும் எந்த வரியையும் பழைய இனிமையோடு கேட்பது இயலாததாயிற்று. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்திலே நந்தன் சூழ்ச்சியால் எரிக்கப்படுகின்றான். அதே 1968 ஆம் ஆண்டிலே நமது யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசம் வேண்டி மக்கள் நின்றனர். 'நாளை' என்று கூற அவர்கள் ஆயத்தமாயில்லை. நந்தனார் கதையை மேடைகளிற் கண்டு உருகியவர்கள் நம்மிடையே நிறைந்திருந்த காலம் அது. மேடையில் நந்தனுக்காக அழுவதும் வாயிலில் நந்தனைத் தடுப்பதும் ஒரே ஊரிலே நிகழ்ந்ததெனில், கண்ணீரை மாத்திரம் வருவிக்கும் தொனியின் எல்லை எதுவென்பது நமக்கு விளங்கும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. எந்தப் படைப்பைக் கையிலெடுத்தாலும், என்ன சொல்லப்பட்டது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. யார் யாரை நோக்கிச் சொல்கின்றார், எத்தொனியிற் சொல்கின்றார், அத்தொனி எதனை நம் காதில் விழச்செய்து எதனை விழாமற் செய்கின்றது என்றும் கேட்டல் வேண்டும். இது இரசனைக்கான பயிற்சி மாத்திரமன்று. அதிகாரமும் எப்போதும் ஒரு தொனியிலேயே பேசுகின்றது. பெரும்பாலும் கனிவான தொனியிலே பேசுகின்றது. 'நாளை' என்று அது கூறும்போது, அது எவருடைய நாளை என்று கேட்கத் தெரிந்த தலைமுறையை வகுப்பறையிலே உருவாக்குதல் நம்மால் இயலும்.