வை. மு. கோதைநாயகி அம்மாள்

வை. மு. கோதைநாயகி அம்மாள் (டிசம்பர் 1, 1901 - பெப்ரவரி 20, 1960) தமிழ்ப் பெண் எழுத்தாளர், இதழாசிரியர், பதிப்பாளர், விடுதலைப் போராட்ட வீராங்கனை. தமிழில் நாவல் எழுதிய தொடக்ககாலப் பெண்களுள் ஒருவர். 115 நாவல்களை எழுதியவர். ஜகன்மோகினி என்னும் மாத இதழைச் சுமார் 35 ஆண்டுகள் நடத்தியவர். பள்ளிக்கே செல்லாத ஒரு பெண், தன் எழுத்தை வெளியிடும் இதழையும் தானே உடைமையாகக் கொண்டு நடத்தியது அக்காலத்தில் மிக அரிய நிகழ்வாகும்.

இளமை

கோதைநாயகி வெங்கடாச்சாரி, பட்டம்மாள் இணையருக்குப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்ததால் உறவினர்களால் வளர்க்கப்பட்டார். அக்கால வழக்கப்படி 1907 ஆம் ஆண்டில், ஐந்தரை வயதில், வை. மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்விக்கப்பட்டார். கணவருக்கு அப்போது வயது ஒன்பது. கணவர் வீடு சென்னை திருவல்லிக்கேணியில் இருந்தது. அக்குடும்பம் தமிழ்ப் புலமையும் வைணவப் பற்றும் உடையது. கோதைநாயகி அங்கேயே கல்வி பெற்றார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றதும், எழுதுமாறு ஊக்கப்படுத்தியதும் அவரது இலக்கிய வாழ்வுக்கு அடித்தளமாயின.

எழுத்துப் பணி

கதைகளைக் கற்பனையாகப் புனைந்து பிறருக்குச் சொல்வதில் கோதைநாயகி வல்லவராக இருந்தார். ஆனால் தொடக்கத்தில் அவருக்குச் சரளமாக எழுத வராது. ஆகவே தமது முதற் படைப்பான இந்திர மோகனா என்ற நாடகத்தை அவர் வாய்மொழியாகச் சொல்ல, அவருடைய தோழி பட்டம்மாள் எழுதினார். இந்நாடகம் 1924 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பின்னர் தோழியின் உதவியால் எழுதப் பழகிக்கொண்டார். அவருடைய முதல் நாவல் வைதேகி ஆகும்.

ஜகன்மோகினி

முன்னர் வெளிவந்து நின்றுபோயிருந்த ஜகன்மோகினி இதழை 1925 ஆம் ஆண்டில் கோதைநாயகி வாங்கித் தம் பொறுப்பில் நடத்தத் தொடங்கினார். வைதேகி அதில் தொடராக வெளிவந்தது. பெண்கள் கதை எழுதுவதையும் இதழ் நடத்துவதையும் ஏளனம் செய்தோர் அப்போது பலர் இருந்தனர். இந்த எதிர்ப்புக்கிடையே இதழ் வளர்ந்தது. பின்னர் சொந்த அச்சகமும் அமைக்கப்பட்டது. பிறருடைய இதழில் இடம் வேண்டிக் காத்திராமல், பெண் கல்வி, கைம்பெண் மறுமணம், மதுவிலக்கு, தேசியம் ஆகிய கருத்துகளைத் தொடர்ந்து எழுத இதழுடைமை அவருக்கு வழிவகுத்தது. பிற பெண் எழுத்தாளர்களுக்கும் ஜகன்மோகினி இடமளித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் அச்சம் நிலவியதால் குடும்பம் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தது. தாள் தட்டுப்பாட்டுக்கு இடையிலும் இதழ் தொடர்ந்தது.

விடுதலைப் போராட்டம்

1925 ஆம் ஆண்டில் சென்னை வந்த காந்தியடிகளைச் சந்தித்த பின் கோதைநாயகி பட்டாடையையும் ஆடம்பர நகைகளையும் துறந்து கதர் அணியலானார். மேடைப் பேச்சாளராகவும் இசைப் பாடகராகவும் காங்கிரசுக் கூட்டங்களில் பங்கேற்றார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி எதிர்ப்பிலும் ஈடுபட்டு 1931-32 காலப்பகுதியில் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அக்காலத்தில் கணவர் இதழைக் கவனித்துக் கொண்டார்.

விடுதலைப் போராட்டப் பணிக்காக அரசு அளித்த 10 ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூதான இயக்கத்திற்கு வழங்கிவிட்டார்.

பெண்கள் இதழியலில் இடம்

தமிழில் பெண்களுக்கான இதழ்கள் கோதைநாயகிக்கு முன்பே இருந்தன. 1905 இல் தொடங்கிய சக்கரவர்த்தினிக்குச் சுப்பிரமணிய பாரதியார் ஆசிரியராக இருந்தார். ஆயினும் அத்தகைய இதழ்களிற் பல ஆண்களால் நடத்தப்பட்டவை.

அரபு மொழியில் பெண்களுக்கெனப் பெண்ணொருவர் நடத்திய முதல் இதழான அல்-ஃபதாத், ஹிந்து நவ்ஃபல் என்பவரால் 1892 இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தொடங்கப்பட்டது. அவர் திருமணம் செய்துகொண்ட பின், 1894 இல் இதழ் நின்றது. கோதைநாயகியின் வாழ்வில் குழந்தை மணம் முறையான பள்ளிக் கல்விக்கு இடமளிக்கவில்லை. எனினும் கணவரின் துணை இதழ் நீடிக்க உதவியது. பெண்களின் எழுத்துப் பணி குடும்பச் சூழலை எந்த அளவுக்குச் சார்ந்திருந்தது என்பதை இவ்விரு வரலாறுகளும் காட்டுகின்றன.

இறுதிக் காலம்

1956 ஆம் ஆண்டில் ஒரே மகன் சீனிவாசன் இறந்தது அவரைப் பெரிதும் தாக்கியது. பின் காச நோயால் நலிவுற்று 1960 பெப்ரவரி 20 அன்று காலமானார்.

திரைப்படமான படைப்புகள்

* அனாதைப் பெண் - இதே பெயரில் 1938 இல் திரைப்படமானது.
* தயாநிதி - கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் சித்தி என்ற பெயரில் 1966 இல், ஆசிரியரின் மறைவுக்குப் பின் திரைப்படமானது.