பாக் நீரிணை நீச்சல் வீரர்கள்

இந்தியாவின் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் சுமார் 30 கி.மீ. கடலைத் துணைக்கருவி ஏதுமின்றி நீந்திக் கடப்பவர்கள் பாக் நீரிணை நீச்சல் வீரர்கள். வருசநாட்டு மலையில் தோன்றி மதுரையைத் தாண்டி ஓடும் வைகை, இராமநாதபுரம் மாவட்டம் ஆற்றங்கரை அருகே இந்தக் கடலில்தான் சேர்கிறது. சாலை வழியில் மதுரையிலிருந்து தனுஷ்கோடியை அடுத்த இராமேசுவரம் சுமார் 170 கி.மீ. தொலைவு. மதுரைச் சமவெளியில் கிணற்றிலும் கண்மாயிலும் கைவீசப் பழகிய பிள்ளைகளுக்கு நெடுந்தூரக் கடல் நீச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுவே.

இக்கடலை நீந்த மார்ச், ஏப்ரல் மாதங்களே ஏற்றவை. வடகிழக்குக் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன் கடல் சற்று அடங்கியிருக்கும். இராமேசுவரம் மீனவர்கள் வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அழைப்பர். இரண்டு நீரும் மணல் தீடைகளின் ஊடே மாறி மாறிப் பாயும் இடத்தில் நீந்துபவரின் பாதை அமைகிறது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், குறுக்கே இழுத்தால் 30 கி.மீ. என்பது வரைபடத்தில் மட்டுமே. உடல் அதைவிட நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். அதனால் உடன்வரும் படகில் உள்ள மீனவரின் அறிவு பயிற்சியாளரின் அறிவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. நீரின் வெப்பம் 28 பாகை செல்சியசை ஒட்டி இருப்பதால் ஆங்கிலக் கால்வாயைப் போலக் குளிர் கொல்வதில்லை. ஜெல்லி மீன்களின் கொட்டலும், உப்பால் தடிக்கும் நாக்கும், கழுத்திலும் அக்குளிலும் உராய்ந்து உரியும் தோலும் இங்குள்ள வாதைகள்.

1954இல் இலங்கையின் வல்வெட்டித்துறைக் கடலிலிருந்து தமிழ்நாட்டின் கோடிக்கரைக்கு நீந்திய நவரத்தினசாமி இந்த மரபின் முன்னோடி. 1966 ஏப்ரலில் மிகிர் சென் 25 மணி நேரத்துக்கும் மேலாக நீந்தி இந்நீரிணையைக் கடந்தார். யாழ்ப்பாணத்தார் ஆழிக்குமரன் எனக் கொண்டாடும் குமார் ஆனந்தன் 1971இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், மீண்டும் இலங்கைக்குமாக 51 மணி நேரம் நீந்தினார். தமிழ்நாட்டில் இந்த நீச்சலை வீடுதோறும் பேசவைத்தவர் குற்றாலீசுவரன். 1994இல், 12 வயதில் அவர் இதைக் கடந்தார். அதே ஆண்டில் மொத்தம் ஆறு கடற்கால்வாய்களை நீந்தி, ஓராண்டில் ஐந்து என்றிருந்த மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தார். 2019இல் தேனியைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன் ஒருவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தான். வைகைப் படுகையில் வளர்ந்த பிள்ளைக்கும் இந்தக் கடல் எட்டாததல்ல என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

உள்நாட்டில் பயில்பவருக்குச் சிக்கல் வேறு. முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பவர் பயத்தைத் தொலைக்கிறார், மிதக்கக் கற்கிறார். நகரத்து நீச்சல் குளம் கைவீச்சின் சீரையும் மூச்சின் அளவையும் தருகிறது. அலை, உப்பு, திசை தெரியாமை இம்மூன்றையும் இரண்டும் தருவதில்லை. பள்ளிக்கு முன்னும் பின்னுமாக நாள்தோறும் பல மணி நேரம் நீரில் கழித்தாலும், கடலில் இறங்கி இரவில் நீந்திப் பழகாதவரின் பயிற்சி பாதிப் பயிற்சியே.

பலர் தலைமன்னாரில் நள்ளிரவுக்குப் பின் இறங்கி, பகல் வெளிச்சத்தில் இந்தியக் கரை சேருமாறு திட்டமிடுவர். இருட்டில் படகின் விளக்கைத் தவிரக் கண்ணுக்குப் பிடிப்பு ஏதும் இராது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கடற்கரை உயிர்காப்புப் போட்டியில் வீரர் அலையைப் பிளந்து சென்று சிறிது நேரத்தில் கரைக்கு மீள்வார். கரையும் போட்டியாளரும் அவர் கண்முன்னே இருப்பர். பாக் நீரிணையில் இரண்டும் இல்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்ற கேள்வியே மிகப் பெரிய எதிரி, ஏனெனில் நீவாடு மாறினால் அதற்கான விடையும் மாறிவிடும். தேர்ந்தவர் அதைக் கேட்பதில்லை. அடுத்த ஆகாரம் வரை என்று மனத்தைச் சுருக்கிக்கொள்கிறார். குறித்த இடைவெளியில் படகிலிருந்து நீட்டப்படும் குவளையில் குளுக்கோஸ் நீரோ பழச்சாறோ மிதந்தபடியே குடிக்க வேண்டும். படகைத் தொட்டாலோ ஆள் தாங்கிப் பிடித்தாலோ நீச்சல் செல்லாது. இந்த விதியின் கடுமை உடலைவிட மனத்துக்கே அதிகம்: ஓய்வு கையெட்டும் தொலைவில் மிதந்துகொண்டே வரும்.

இரு நாட்டு அனுமதி, கடற்படைக்கு முன்னறிவிப்பு, படகுகள், மருத்துவர், கண்காணிப்பாளர் எனச் செலவு குடும்பத்தை அழுத்தும். குற்றாலீசுவரனுக்கு 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தும், போதிய பொருளுதவி அமையாமல் பதின்வயதிலேயே போட்டி நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கச் சென்றார். பிள்ளைகளின் சாதனைக்கு மாலையிடும் சமூகம் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் தாங்கியிருக்க வேண்டும். கடலை விடாதவர்களுக்கும் ஆபத்து நீங்குவதில்லை. குமார் ஆனந்தன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார்.