டேங்க் மேல் உட்கார்ந்த மீட்டர்



நேற்று ராத்திரி நம் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான். பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் என்றாலே தூங்கியவன். (பெயர் சொல்ல மாட்டேன், அவன் மனைவியும் இதைப் படிக்கிறாள்.) 1946-ஆம் வருடத்து ஹார்லி டேவிட்சன் ஒன்றை வாங்கிச் சரிசெய்கிறானாம். பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும் டேஷ் துருவேறி ஓட்டையாகிவிட்டது. "சார், பழசு கிடைக்கிறவரை தேடவா, புதுசா செஞ்சு வாங்கவா?" என்று கேட்டான்.

அந்த டேஷுக்கு ஒரு கதை உண்டு. 1929-ல் இருபதாயிரம் வண்டிகளுக்கு மேல் செய்த மில்வாக்கி கம்பெனி, பொருளாதாரப் பெருமந்தத்தில் 1933-ல் நான்காயிரத்தைக்கூட எட்டவில்லை. மற்றவர்கள் கடையைக் கட்டிய நேரத்தில் இவர்கள் புது இன்ஜினில் பணத்தைப் போட்டார்கள். துணிச்சல்தான். 1936-ல் இ.எல். மாடல் வந்தது. அதன் டேங்க் இடது, வலது என்று இரண்டு பாதி. நடுவிலே இருக்கும் சந்தை மூட ஒரு தகடு வேண்டும் அல்லவா? அந்தத் தகட்டிலேயே ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர், ஆயில் பிரஷர் காட்டி, சுவிட்ச் எல்லாவற்றையும் குடிவைத்துவிட்டார்கள். 1938-ல் அம்மீட்டர் முள் போய் விளக்கு வந்தது. 1939 முதல் வந்த டேஷை அதன் விளக்குகளின் வடிவத்தால் 'பூனைக்கண்' என்பார்கள். 1947-ல் அதுவும் மாறியது. ஆக, இவன் வண்டி பூனைக்கண்ணின் கடைசி வருடம்.

போருக்காகச் செய்த ஹார்லிகள் பிறகு டெல்லித் தெருக்களில் ஆள் ஏற்றும் 'பட்பட்டி'களாக ஓடியது தனிக்கதை. இன்னொரு நாள் சொல்கிறேன்.

அவன் கேட்டதும் எனக்கு அப்பாவின் புல்லட் ஞாபகம் வந்தது. புல்லட்டில் மீட்டர் ஹெட்லைட் மண்டையில் இருக்கும். 1987-ல் முள் நின்றுவிட்டது. மெக்கானிக் புது மீட்டர் மாட்டி, பழசைக் காயலான் கடைக்குப் போட்டார். சரி என்று சொன்னவன் நான்தான். சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். மீட்டரில் எல்லாம் பூஜ்யம். "பழசு எங்கடா?" என்றார், அவ்வளவுதான். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஊர் ஊராக அலைந்தது, முதல் நாள் வேலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது, எல்லாம் அந்த எண்ணுக்குள் இருந்தது. மறுநாள் கடைக்கு ஓடினேன். கிடைக்கவில்லை. அப்பா அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மாணவனிடம் சொன்னேன்: "தகட்டைத் தாராளமாகப் புதுசாகச் செய்துகொள். டேங்க் வளைவுக்கு அட்டை வெட்டி வைத்துப் பார்த்து, மீட்டர் துளையை அளந்துவிட்டு ஆர்டர் கொடு. மீட்டரை மட்டும் துடைத்து அதையே மாட்டு. எண்ணைத் திருப்பாதே."

இன்று காலை போட்டோ அனுப்பியிருந்தான். கண்ணாடி மங்கல்தான். 38,412 மைல் என்று தெரிகிறது.