நிஷிஜின் பட்டும் பெயரற்ற கைகளும்

யப்பானியச் சித்திரப் பட்டு என்றதும் அரசரின் அங்கியும் மதகுருவின் போர்வையுமே நம் நினைவுக்கு வருகின்றன. 'நிஷிகி' எனப்படும் இப்பட்டில் பூவேலைப்பாடு துணிமீது தைக்கப்படுவதில்லை. பல வண்ண நூல்கள் பாவும் ஊடையுமாய்ப் பின்னி, நெய்யும்போதே உருவெடுக்கின்றது. தாள்மீது அரக்குப் பூசித் தங்க ரேக்கு ஒட்டி, அதனை மெல்லிய இழைகளாக அரிந்து ஊடையிற் சேர்ப்பர். இத்தகைய வேலையைச் செய்த கைகள் எவருடையவை? உடுத்தியவர் பெயரை வரலாறு சொல்லும். நெய்தவர் பெயரைச் சொல்வது அரிது.

முதலில் அதன் கோலங்களை நோக்குவோம். ஹோரியூஜி ஆலயத்துப் பழம்பட்டு ஒன்றில், முத்து வளையத்தினுள் குதிரைவீரர் நால்வர் பின்திரும்பிச் சிங்கங்கள்மீது அம்பெய்கின்றனர். இது பாரசீகத்துச் சாசானியர் கண்ட கோலம். தாங் காலச் சீனத்திலே நெய்யப்பட்டு யப்பானை அடைந்தது. எந்நாட்டுக் கலையும் தனித்துப் பிறந்ததன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கியோத்தோ நகரின் நெசவாளர் குடியிருப்புக்கு 'நிஷிஜின்' என்று பெயர். 'மேற்குப் பாசறை' என்பது அதன் பொருள். 1467 முதல் 1477 வரை நிலப்பிரபுக்கள் நடத்திய ஓனின் போரில் நகரம் சாம்பலாயிற்று. சக்காய் முதலிய ஊர்களுக்கு ஓடிய நெசவாளர், போர் ஓய்ந்தபின் திரும்பிவந்து, மேற்குப் படை தங்கிய இடத்திலே தறி நாட்டினர். பிரபுக்களின் பகை அழிந்தது. பாசறையின் பெயர் பட்டின் பெயராய் நிலைத்தது.

அக்காலச் சித்திரத் தறியை இயக்க இருவர் வேண்டும். கீழே ஒருவர் நெய்வார். தறியின் மேலே அமர்ந்த மற்றொருவர், கோலத்துக்கேற்பப் பாவு நூல்களை முறைதவறாது இழுத்து உயர்த்துவார். ஓரிழை பிழைத்தால் பூ சிதையும். இவ்வுழைப்பாளரை இடர்கள் தொடர்ந்தன. 1730இல் மூண்ட பெருந்தீ ஏறக்குறைய 3,000 தறிகளை விழுங்கிற்று. 1841இல் தொடங்கிய தெம்போ சீர்திருத்தம் ஆடம்பரப் பட்டைத் தடைசெய்தது. ஆடம்பரம் செல்வருடையது; தண்டனையோ நெய்பவர் வயிற்றின்மேல் விழுந்தது.

1869இல் பேரரசர் தோக்கியோவுக்குப் பெயர்ந்தபின் கியோத்தோவின் சந்தை தளர்ந்தது. 1872இல் நிஷிஜின் நெசவாளர் மூவர் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பப்பட்டனர். கூலிக்கு நியாயமான வரையறை கோரி நெசவாளர் 1831இல் கிளர்ந்தெழுந்த நகரம் அது. அங்கிருந்து, துளையிட்ட அட்டைகளால் கோலம் நெய்யும் ஜக்கார்டு பொறி நிஷிஜினுக்கு வந்தது. மூவருள் ஒருவரான யோஷிதா சூஷிச்சி, 1874இல் தாயகம் திரும்புகையில், இசுக் கரையருகே கப்பல் மூழ்கி மாண்டார். தறிமேல் அமர்ந்தவரின் வேலையை அட்டைகள் ஏற்றன. பொறி வந்தபின்னரும், உற்பத்தியாளரிடம் நூலும் கோலமும் பெற்று, வீட்டிலே கூலிக்கு நெய்யும் நிலையிலேயே பலர் இருந்தனர்.

பொறியை நாம் பழிக்கவில்லை. பொறி குறைத்த பாடு எவருக்கு ஆதாயமாயிற்று என்பதே நம் வினா. 1976இல் யப்பானிய அரசு நிஷிஜின் நெசவை மரபுக் கைவினையாக அறிவித்தது. கலையைக் காப்பது நன்றே. ஆயின் கலைஞனின் கூலியைக் காவாது கலையைக் காத்தல் இயலுமோ? நூதனசாலைக் கண்ணாடிக்குள் அப்பட்டைக் காணும் மாணவர், தறியின் மேலும் கீழும் இருந்த அவ்விருவரையும் சேர்த்தே காண்பாராக.